டாஷ்போர்டில் ஏறிய செருப்பு

மாஸ்டரம்மாவின் வலது கால் இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்தே சம்பாதித்த கால். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தபடி, மிதிக்கவும் மிதிக்காமல், எடுக்கவும் எடுக்காமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம். அந்தக் காலை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் சாவியைத் தொட்டார்கள். டிரைவிங் கற்றுக்கொடுப்பவர் ஆணாக இருந்தால் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். இவள் பெண் என்பது கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்து, பின்னால் ஒரு 'அம்மா'வை ஒட்டிவிட்டார்கள்.

அந்தக் காலுக்கு டூட்டி முடிந்தது என்பதே தெரியாது. பஸ்ஸில் மிதிக்கும். டாக்ஸியில் மிதிக்கும், டிரைவர் திரும்பி முறைப்பார். சினிமாவில் காரைக் கார் துரத்தியபோது முன்சீட்டு ஆசாமியின் முதுகில் மிதித்து, இடைவேளை வரை சண்டை நடந்தது. பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தபோது மிதித்த மிதியில் டாக்டரின் தட்டு பறந்தது. அடுத்த தடவையிலிருந்து அந்த டாக்டர் அவளை உட்காரவைத்தே பல்லைப் பார்த்தார்.

இந்தக் காலோடு குடித்தனம் நடத்தியவர் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவர். எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டுக் கேட்டே குரல் தணிந்துபோன மனிதர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் கார் ஓட்டிப் பார்க்க ஓர் ஆசை வந்தது. வீட்டிலேயே மாஸ்டர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று நினைத்தார், பாவம். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் மார்க்கெட் தெருவில் ஒரு தக்காளி வண்டி குறுக்கே வர, அவள் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டு, தெருவே கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"கண்ணாடிக்கடைல வேல பாக்குறீங்க, கண்ண மட்டும் வீட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?"

மார்க்கெட்டே சிரித்தது. இடி வாங்காமல் தப்பித்த தக்காளி வண்டிக்காரன்தான் எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தான். கணவர் வண்டியை ஆஃப் செய்தார், சாவியை எடுத்து சீட்டின் மேல் வைத்தார், இறங்கி மூன்று கிலோமீட்டர் வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. ஒரு வாரம் அவருடைய சட்டைகளுக்கு அவளே இஸ்திரி போட்டாள், அவ்வளவுதான். அவரும் போட்டுக்கொண்டு போனார், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டர் நடை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. எடுக்கத் தெரியவில்லை.

இப்படியிருக்க, ஒரு தொண்டு நிறுவனம் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. கடல் தாண்டி ஒரு தேசத்தில் இளம் பெண்களுக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வேன், பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் இல்லையாம். சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு, புண்ணியம் தனி. முதலில் போன ஆண் மாஸ்டரை அந்த ஊர் அம்மாமார்கள் மூன்றே நாளில் மூட்டை கட்ட வைத்துவிட்டதால் பெண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். இதை அவள் கணவரிடம் வாசித்துக் காட்டினாள். கடைசி வரி வருவதற்குள் அவர் "போய்ட்டு வா" என்றுவிட்டார்.

இவ்வளவு சுருக்காக ஒரு புருஷன் சம்மதித்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

"என்ன, விட்டாப் போதும்னு இருக்கா?"

"பதினெட்டு மாசம்தான. நாங்க பாத்துக்குறோம்."

அவர் பார்த்துக்கொள்வார் என்பதை அவள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. கேஸ் எப்படி மூட வேண்டும், மோட்டார் எப்போது போட வேண்டும், மகளின் காலேஜ் பீஸ் எந்தத் தேதி என்று முப்பத்தொரு குறிப்பு எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

போன இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய வேன், நாற்பத்து மூன்று பெண்கள். வேனில் இரண்டாவது பிரேக் கிடையாது. வெல்டிங் கடைக்காரனைப் பிடித்து, பக்கத்திலேயே நின்று அவன் உயிரை வாங்கி, ஒன்று வைக்கச் சொன்னாள். வைத்தான். மிதித்தால் 'கீச்' என்று கத்துகிற பிரேக்காக வைத்தான். எவ்வளவு எண்ணெய் விட்டும் கத்தல் நிற்கவில்லை. பெண்களுக்கு அந்தக் கீச் என்றால் குலை நடுக்கம். ஒரு நாளில் யாருக்கு எத்தனை கீச் என்று அவர்களே எண்ணிச் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஊர் மொழியில் மாஸ்டரம்மா நூற்றைம்பது வார்த்தை கற்றுக்கொண்டாள், அதில் நூறு திட்டுவதற்கு. பதிலுக்கு அவள் கற்றுக்கொடுத்தது 'அக்கா' என்கிற ஒரே வார்த்தை.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அவள் வைத்த பெயர் பேனர். அந்த ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய பேனர் வந்துவிடும். 'இளம் வாழ்வுகளில் ஒளியேற்றுவோம்' என்று எழுதி, ஓரத்தில் ஒரு விளக்குப் படம். ஒளியெல்லாம் ஹெட்லைட்டில் இருந்தால் போதும், அதில் ஒரு பல்பு பியூஸ் போய் மூன்று வாரம் ஆகிறது, அதை முதலில் மாற்றுங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பல்பு வரவில்லை. இன்னொரு பேனர் வந்தது.

செருப்பு விவகாரம் ஒரு மழைநாளில் தொடங்கியது. கூரை ஒழுகி வேனுக்குள் காலடியில் தண்ணீர். போதாக்குறைக்குச் செருப்பு வார் வேறு அறுந்துவிட, இரண்டையும் கழற்றி டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டுக் காலை சீட்டில் மடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஓட்டியவள் பூனை என்று எல்லாரும் கூப்பிடும் பெண், சத்தம் போட்டால் பதுங்குகிறவள். அவள் செருப்பைப் பார்த்தாள். செருப்பு அங்கே இருந்தால் கால் பிரேக்கில் இல்லை. கால் பிரேக்கில் இல்லை என்றால் அக்கா நம்மை நம்பிவிட்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு பூனை மலைப்பாதையில் போய்த் திரும்பிய அழகை இன்று முழுக்கச் சொல்லலாம். மறுநாள் காலை மற்ற நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று கேட்டது ஒன்றுதான்: எங்களுக்கு எப்போது செருப்பு?

கீச் இல்லாமல் ஓட்டுகிறவளுக்கு டாஷ்போர்டில் செருப்பு, அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. அரசாங்க லைசென்ஸ் வாங்கியவளைவிட அக்காவிடம் செருப்பு வாங்கியவளுக்குத்தான் மரியாதை. பேனருக்கு வேர்த்துவிட்டது. ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க வந்தால் ஒவ்வொரு படத்திலும் நிறுவனத்தின் விளக்குச் சின்னத்துக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு. அதை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கலாமே என்று கெஞ்சினார். செருப்பு இல்லாமல் படத்தில் நிற்க மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அறிக்கை செருப்போடுதான் அச்சானது.

பதினெட்டு மாதம் முடிந்தபோது நாற்பத்திரண்டு பேர் செருப்பு வாங்கியிருந்தார்கள். வாங்காத ஒருத்தி நெட்டை. ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. லைசென்ஸ் டெஸ்ட்டில் முதல் தடவையே தேறியவள். ஆனால் மாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் எங்காவது ஓரிடத்தில் கோட்டை விடுவாள், கீச் கேட்கும். சும்மா போனால் போகிறது என்று செருப்பைத் தூக்கி வைக்க மாஸ்டரம்மாவுக்கு மனசு வரவில்லை.

வழியனுப்பு நாளில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஜோடிச் சிவப்புச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு சைஸ் பெரிசு. அவர்கள் அவள் செருப்பைக் காலில் பார்த்ததைவிட டாஷ்போர்டில் பார்த்ததுதான் அதிகம், அளவு எப்படித் தெரியும்? அவள் அழுதுவிட்டாள். அழுகிறவளைப் படம் எடுக்க வந்த பேனரை, கற்ற நூறில் பத்து வார்த்தையைச் செலவழித்து அனுப்பிவைத்தாள்.

விமான நிலையத்துக்கு வேனை ஓட்டியவள் நெட்டை. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் அவள் பெயர்தான் விழுந்தது.

"அக்கா, இன்னிக்காவது?"

"பாப்போம், ரோட்டப் பாரு."

நன்றாகத்தான் ஓட்டினாள். விமான நிலையம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ரவுண்டானாவில் ஒரு லாரி நுழைய, கீச். நெட்டை ஓரங்கட்டினாள், எஞ்சினை நிறுத்தினாள், நேரே பார்த்துக்கொண்டு அக்காவுக்குப் புரிகிற வார்த்தைகளாகப் பொறுக்கிப் பேசினாள்.

"லைசென்ஸ் ஆபீசர் பக்கத்துல உக்காந்தப்ப நான் ஒரு தப்பும் பண்ணல. நீங்க உக்காந்தா மட்டும்தான் பண்றேன். உங்க கால் அங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியுதுக்கா. அது பாத்துக்கும்னு இது சும்மா இருந்துடுது."

"ஓகோ, காலுக்கு வாய் வேற வந்துடுச்சா?" என்று சொல்லிவிட்டு மாஸ்டரம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். விமானத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னது ஒரு சின்னப் பெண், இருபது வயசு, அதுவும் கடைசி நாளில். ஆனாலும் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போக மாட்டேன் என்றது. விமானம் இறங்கித் தரையில் உருண்டபோது கால் தானாக மிதித்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன் பையைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

வெளியே மகளும் கணவரும் நின்றார்கள். மகளை அணைத்துக்கொண்டபோதுதான் அவள் கவனித்தாள், கணவரின் விரலில் ஒரு சாவி சுற்றிக்கொண்டிருந்தது.

"டாக்ஸி பிடிச்சாச்சா?"

"டாக்ஸி எதுக்கு? வண்டி இருக்கு" என்றார்.

கார் நிறுத்தத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார். யார் ஓட்டப் போகிறார்கள் என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கணவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். 

"அப்பா லைசென்ஸ் வாங்கிட்டாரும்மா" என்றாள் மகள். "ரெண்டு தடவ ஃபெயில். மூணாவது தடவ பாஸ். கடை தொறக்குறதுக்கு முன்னாடி, தெனம் காலைல ஆறு மணிக்குப் போய்ப் பழகுனாரு."

"எங்க?"

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மீசைகிட்ட" என்றார் கணவர்.

மீசை என்பவர் அவள் வேலை பார்த்த ஸ்கூலுக்கு நேர் எதிரே ஸ்கூல் வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயில் அரைபடுகிற ஆள். அவள் வாயைத் திறந்தாள். கணவர் கையை உயர்த்தினார். அந்த மனிதர் கை உயர்த்தி அவள் பார்த்ததேயில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீடு வரைக்கும் கால மிதிக்காம உக்காந்து வா. வாயையும் தொறக்காத. ஒரு தடவ மிதிச்சாலும் சரி, வண்டிய அங்கயே நிறுத்தி சாவிய உன்கிட்ட குடுத்துடுறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல சாவியத் தொட மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. தக்காளி வண்டி நாளில் சீட்டில் சாவியை வைத்த அதே முகம். அவருக்கு வயசு ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை நடுத்தெருவில் இறங்கி நடக்க வைத்தால், அதை எந்த இஸ்திரியாலும் நேராக்க முடியாது. அது அவளுக்குத் தெரிந்தது.

"சரி" என்றாள்.

"நான் அம்பயர்" என்று மகள் பின்சீட்டில் ஏறி, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டாள்.

பையின் வாரை எடுத்துக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மாஸ்டரம்மா உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. கிளம்பிய அழகைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். கிளட்ச்சிலிருந்து காலையே எடுக்கவில்லை மனிதர். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதை மீசை சொல்லிக்கொடுக்காமலே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டான் போலிருந்தது. வண்டி இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு போனது. முன்னால் இருந்த கண்ணாடியைப் பின்னால் வருவதைப் பார்ப்பதற்குப் பதிலாக தன் மூக்கைப் பார்த்துத் துடைத்துக்கொள்ளப் பயன்படுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா, அம்மா கால் கட்டைவிரல் ஆடுது."

"விரல் கணக்குல வராது" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

"நான் ஒட்டின பேப்பர்லாம் பாத்து நடந்துக்கிட்டீங்களா?" என்று அவள் பேச்சை மாற்றினாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஓட்டுவதைப் பற்றித்தானே.

"அதுவா, மொத வாரமே கிழிச்சு அலமாரியில விரிச்சுட்டோம்மா" என்றாள் மகள். "பீஸ் கட்டியாச்சு. மோட்டார் ரிப்பேர் ஆச்சு, அப்பாவே ஆள் வெச்சுச் சரி பண்ணிட்டாரு. உன்கிட்ட சொன்னா அங்கருந்தே கத்துவேன்னு சொல்லல."

முப்பத்தொரு குறிப்பு. அலமாரியில். அவளுக்குச் சுருக்கென்றது. அதே சமயம், பதினெட்டு மாதம் இந்த வீடு தானாகத்தான் ஓடியிருக்கிறது, கவிழவில்லை என்பதும் உறைத்தது. எது அதிகமாக வலித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு இன்னும் நாலு தெரு. பர்னிச்சர் கடைகள் இருக்கும் சரிவான தெருவில் திரும்பினார்கள். மேலே ஒரு கடை வாசலில் இரும்பு பீரோ ஒன்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் நிறுத்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. யார் கை விட்டதோ தெரியவில்லை, பீரோ தள்ளுவண்டியோடு உருண்டு சாலைக்கு வந்துவிட்டது. கண்ணாடிப் பக்கம் இவர்களைப் பார்த்து இருந்தது. கண்ணாடிக்குள் இவர்கள் காரே இவர்களை நோக்கி வந்தது.

மாஸ்டரம்மா மிதித்தாள். பை வார் அறுந்து, கால் போய்த் தரையில் இடித்தது. அங்கே ஒன்றும் இல்லை. ரப்பர் விரிப்பு மட்டும்தான். கீச் இல்லை, ஒன்றும் இல்லை.

வண்டி நின்றது.

தள்ளுவண்டி நடைபாதை விளிம்பில் முட்டி, பீரோவும் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள், கணவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தார், அவர் பக்கத்தில் உடம்பை விறைத்து வாயைப் பிளந்தபடி ஒரு பெண்பிள்ளை. தான் ஓட்டப் பழக்கும்போது எப்படி இருப்போம் என்று மாஸ்டரம்மா இதுவரை பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்து மூன்று பெண்களும் இந்த மூஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா ஓட்டினார்கள்?

கணவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். கடை ஆட்கள் ஓடிவந்து பீரோவை ஓரமாகத் தள்ளினார்கள். அவள் கால் போனதை யாரும் பார்க்கவில்லை. அம்பயர் இன்னும் கண்ணையே திறக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பந்தயம் அவளுடையதுதான். ஆனால் பொய் ஓட்டத்துக்குச் செருப்பு வைக்காதவள் இதை மட்டும் எப்படி முழுங்குவாள்?

"நான் மிதிச்சுட்டேங்க" என்றாள். 

சாவியை எடுத்து நீட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"நானும்தான் மிதிச்சேன்" என்றார். "எது நிறுத்துச்சு?"

 நெட்டை சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இரண்டாவது கால் இல்லாத இடத்தில் முதல் கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் மார்க்கெட்டில் அவள் மிதிக்காமல் இருந்திருந்தால் இவரே மிதித்திருப்பாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள ஒரு விநாடி கொடுக்கவில்லை அவள். வெட்கமாக இருந்தது, அழுகை வேறு வந்தது. குனிந்து சிவப்புச் செருப்பு இரண்டையும் கழற்றினாள், டாஷ்போர்டு மேல் ஜோடியாக வைத்தாள், காலைத் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

செருப்பு சமாச்சாரத்தைப் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆண்டறிக்கைகூட வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். சட்டை நுனியில் மட்டும் துடைக்காதீர்கள், கீறல் விழும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கிற மனிதர்.

பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கியது. அவர் அவசரமாக முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி உறுமியது, நகரவில்லை, ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி ஆஃப். ஏழெட்டு வண்டி சேர்ந்துவிட்டது. "ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்" என்று ஒருத்தன் தலையை நீட்டிக் கத்தினான். கணவரின் காதுமடல் சிவந்தது.

ஹேண்ட்பிரேக் அவருக்கும் அவளுக்கும் நடுவே, இழுத்தது இழுத்தபடி செங்குத்தாக நின்றது. அவள் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரம். கை நீட்டக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டிப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பின்சீட்டில் மகளும் பார்த்துவிட்டாள். "அப்பா..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மாஸ்டரம்மா திரும்பி ஒரு முறை முறைத்தாள். மகள் வாயை மூடிக்கொண்டாள். மாஸ்டரம்மா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஹார்ன் காதைப் பிளந்தது. அவர் கியரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், எதிரே செருப்பைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கண்ணைக் கீழே இறக்கினார்.

ஹேண்ட்பிரேக்கை விட்டார். வண்டி நகர்ந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார் தெரு தாண்டியதும்.

"டிரைவர் நீங்க" என்றாள் அவள்.

திருப்பத்தில் ஒரு செருப்பு வழுக்கி அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் திரும்ப அங்கேயே வைத்தாள். மகளிடம் இதை ஒரு படம் எடு, நெட்டைக்கு அனுப்பு என்றாள்.

"என்னன்னு எழுதட்டும்?"

"அவ சொன்னதுதான் சரின்னு எழுது. இது அவளோடதுன்னும் எழுது."

வீடு வரைக்கும் அவர் இரண்டாம் கியரிலேயே ஓட்டினார். அதையும் அவள் சொல்லவில்லை.